முதலில் தாயைக் காட்டுங்கள்

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே கண்டெடுத்த நடுகல் ஒன்றில் ஒரு வீரன் நிற்கிறான், அவனுக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்டதென்று வட்டெழுத்து சொல்கிறது. அதாவது ஏழாம் நூற்றாண்டு. கால்நடைகளைக் காக்கும் சண்டையில் மடிந்த அந்த வீரனின் பெயர் கருந்தேவக்கத்தி. நாயின் பெயரையும் விடாமல் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்பது கோவிவனைப் பற்றிய செய்தி. எத்தனையோ அரசர்களுக்குக் கிடைக்காத இடம் அந்த நாய்க்குக் கல்லில் கிடைத்திருக்கிறது.

நாய் நன்றியுள்ளது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கோவிவன் தன் நன்றியைக் காட்டியது பல்லால்.

சென்ற ஆண்டு விருதுநகரிலிருந்து நண்பர் ஒருவர் போன் செய்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். "அண்ணே, பாப்பாவுக்கு நாலு வயசாச்சு. ஒத்தைப் பிள்ளையா வளருது. நல்லா நன்றியுள்ளதா, சாதுவா ஒரு நாய் சொல்லுங்க. என்ன ஜாதி வாங்கலாம்?"

ஒரே மூச்சில் அவர் இரண்டு நாய்களைக் கேட்டார். தன்னுடைய ஆள் யார் என்று தெரிந்து அவரோடு ஒட்டிக்கொள்வதைத்தான் நாம் நன்றி என்கிறோம். சாதுத்தனமோ, தன்னுடைய ஆள் அல்லாதவரையும் பொறுத்துக்கொள்வது. குழந்தை உள்ள வீட்டில் இரண்டாவதுக்குத்தான் தினமும் வேலை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றக்கூட நிற்காமல் ஓடி வருவார்கள். ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு கத்துவார்கள். பிறந்த நாளில் பலூன் வெடிக்கும். தன் குழந்தையை யாரோ பிடித்து இழுக்கிறார்கள் என்று நினைத்து நன்றியுள்ள நாய் குறுக்கே பாய்ந்தால் என்ன ஆகும்? ராஜபாளையம் நாயைப் பற்றி நம்மூரில் பெருமையாகச் சொல்வார்கள், அது ஒருத்தருக்குத்தான் அடங்கும் என்று. தோட்டத்துக்குக் காவல் வைக்க அது நல்ல குணம். ஆனால் அந்த ஒருத்தர் ஒருநாளும் நாலு வயதுப் பாப்பாவாக இருக்கப்போவதில்லை.

நண்பரின் அடுத்த கேள்விக்கு வருவோம். என்ன ஜாதி?

நாய் வாங்கப் போகும் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். விற்பவரிடமும் பதில் தயாராக இருக்கும். லாப்ரடார் குழந்தைக்கு நல்லது, கோல்டன் ரெட்ரீவர் அதைவிட நல்லது, ராட்வைலர் வேண்டாம், பக் வீட்டுக்கு லட்சணம். 2003இல் ஒரு சின்னப் பையன் போகும் இடமெல்லாம் ஒரு பக் நாய் பின்னாலேயே போகும் ஹட்ச் விளம்பரம் வந்தது, நினைவிருக்கும். அதன் பிறகு இந்தியா முழுக்க பக் குட்டிக்குக் கேட்பார் கூடிப்போனார்கள். அந்த நாயின் மூக்கு முகத்துக்குள் அமுங்கியிருப்பதால் வெயிலில் மூச்சுவிடத் திணறும், அதிகம் ஓட முடியாது என்பதை விளம்பரம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. இன்று அதே தவறை ஹஸ்கியை வைத்துச் செய்கிறோம். சைபீரியப் பனியில் வண்டி இழுக்கப் பிறந்த நாய், மே மாதத்து மதுரையில் ஏசி அறைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது.

ஜாதியை வைத்து நாயின் குணத்தைச் சொல்ல முடியுமா? 2022 ஏப்ரலில் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு இதை நேராகவே எடுத்துக்கொண்டது. எலினார் கார்ல்சன் என்ற மரபியலாளரின் குழு அமெரிக்காவில் 18,385 நாய்களின் உரிமையாளர்களிடம் அவற்றின் நடத்தை பற்றிக் கேள்விகள் கேட்டது. அவற்றில் 2,155 நாய்களின் மரபணுத்தொகுதியையும் படித்தது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் நடத்தையில் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய 9 சதவீதத்தைத்தான் ஜாதியால் விளக்க முடிந்தது. அந்த 9 சதவீதமும் எல்லாக் குணங்களிலும் ஒரே அளவாகப் பரவியிருக்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்குமா என்பதில் ஜாதிக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. சீண்டினால் எவ்வளவு சீக்கிரம் பொறுமை இழக்கும் என்பதிலோ ஜாதியைத் தெரிந்து வைத்திருப்பதால் ஏறக்குறைய எந்தப் பயனும் இல்லை.

குழந்தையின் அப்பா அம்மாவுக்குத் தெரிய வேண்டியது இந்த இரண்டாவது குணம்தான். ஜாதிப் பெயர் மிகக் குறைவாகச் சொல்வதும் அதைத்தான்.

அப்படியானால் எந்த ஜாதியானாலும் ஒன்றுதானா? இல்லை. ஜாதி உடம்பைச் சொல்கிறது. எத்தனை கிலோ வளரும், தினம் எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும், எவ்வளவு முடி கொட்டும், கடித்தால் தாடை என்ன செய்யும் என்பதெல்லாம் ஜாதியோடு வருபவை. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின. ஒரு பாமரேனியனுக்கு அதைவிட முன்கோபம் இருக்கலாம். ஆனால் அதனால் அந்த அளவு காயத்தை உண்டாக்க முடியாது. மறுபக்கம், சின்ன நாய் என்றாலே சாது என்பதும் பொய். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் செர்ப்பெல் குழு 2008இல் ஜாதிகளை ஒப்பிட்டபோது, மனிதர்களிடம் சீறுவதில் முன்வரிசையில் நின்றவை டாக்ஸ்ஹுண்டும் சிவாவாவும் ஜாக் ரஸல் டெரியரும். மடியில் அடங்கும் நாய் கடித்தால் யாரும் புகார் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

லாப்ரடார் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் நல்ல பெயர் கெட்டிக்காரத்தனத்தால் மட்டும் வந்ததில்லை, வயிற்றாலும் வந்தது. கேம்பிரிட்ஜின் எலினார் ராஃபன் 2016இல் கண்டறிந்தபடி, லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. வயிறு நிறைந்துவிட்டது என்ற சேதி அந்த நாயின் மூளைக்குச் சரியாகப் போய்ச் சேருவதில்லை. எந்நேரமும் பசி. ஒரு பிஸ்கட்டுக்காகச் சொன்னதையெல்லாம் செய்யும். பார்வையற்றோருக்கும் ஊனமுற்றோருக்கும் துணையாகப் பழக்கப்படும் லாப்ரடார்களிடம் இந்தக் குறை இன்னும் அதிகமாகக் காணப்பட்டது. கையில் பிஸ்கட்டோடு தத்தித் தத்தி நடக்கும் குழந்தைக்கு முன்னால் அந்தப் பசி எப்படி நடந்துகொள்ளும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

ஜாதி சொல்லாததை வேறு எது சொல்லும்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை உள்ள நல்ல பதில், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற கடலோர ஊரில் கிடைத்தது. அங்குள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு நாய்களை வளர்க்கத் தொடங்கினார்கள். பசென்ஜி, பீகிள், காக்கர் ஸ்பேனியல், ஷெட்லாண்ட் ஷீப்டாக், ஃபாக்ஸ் டெரியர் என்று ஐந்து ஜாதிகள். குட்டிகளைப் பிறந்த நாளிலிருந்து எடைபோட்டு, பயமுறுத்தி, கொஞ்சி, புதிர் கொடுத்துக் குறித்துக்கொண்டே வந்தார்கள். பல ஆண்டு வேலை. 1965இல் புத்தகமாக வந்தது.

அங்கே நடந்த சோதனைகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். டேனியல் ஃப்ரீட்மன், ஜான் கிங், ஆர்வில் எலியட் மூவரும் செய்து 1961இல் வெளியிட்டது. ஒரு ஏக்கர் நிலம். சுற்றிலும் உயரமான வேலி. உள்ளே தாய்நாய்களும் குட்டிகளும். சாப்பாடும் தண்ணீரும் வேலியில் இருந்த திறப்பு வழியாகவே போகும். கொடுக்கும் ஆளைக் குட்டிகள் பார்க்காது. ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒரு குட்டியை இரண்டாம் வாரத்தில் வெளியே எடுத்து, ஒரு வாரம் மனிதர்களோடு பழகவிட்டுத் திரும்ப உள்ளே விட்டார்கள். இன்னொன்றை மூன்றாம் வாரத்தில். மற்றவற்றை ஐந்தாம், ஏழாம், ஒன்பதாம் வாரங்களில். சில குட்டிகளை மட்டும் பதினான்கு வாரம் வரை எடுக்கவே இல்லை.

மூன்றாம் வாரத்தில் எடுத்த குட்டி மனிதரைக் கண்டதும் உருண்டு வந்து ஒட்டிக்கொண்டது. ஐந்தாம் வாரக் குட்டி கொஞ்சம் தயங்கிவிட்டு வந்தது. ஏழாம் வாரத்துக் குட்டிக்கு அதைவிட நேரம் பிடித்தது, ஒன்பதாம் வாரத்துக்கு இன்னும் அதிகம். பதினான்கு வாரம் மனித வாசனையே படாமல் இருந்தவை காட்டு விலங்குகளைப் போல ஆகியிருந்தன. கிட்டே போனால் மிரண்டு ஓடின. பிறகு கொஞ்சிப் பழக்கிப் பார்த்தும் பெரிய மாற்றம் வரவில்லை. இத்தனைக்கும் இவை காட்டில் பிடித்தவை அல்ல. காக்கர் ஸ்பேனியலும் பீகிளும். எந்த விற்பனையாளரைக் கேட்டாலும் குழந்தைக்கு ஏற்றவை என்று கைகாட்டும் ஜாதிகள்.

மூன்றாம் வாரத்தில் குட்டிக்குக் காது கேட்கத் தொடங்குகிறது, கண் தெளிகிறது. அப்போது ஒரு ஜன்னல் திறக்கிறது. பன்னிரண்டு, பதினான்கு வாரங்களில் மெல்லச் சாத்திக்கொள்கிறது. அந்த இடைவெளியில் பயமில்லாமல் கண்டதையெல்லாம் குட்டி 'உலகம் என்றால் இப்படித்தான் இருக்கும்' என்று ஏற்றுக்கொள்கிறது. மிக்சி சத்தம், தாடி வைத்த ஆள், சேலை முந்தானை, ஊன்றுகோல், தத்தி நடக்கும் குழந்தை. அப்போது காணாதவை பிறகு எதிரே வந்தால் முதலில் வருவது பயம். நாய்க்கடியின் பெரும்பகுதி கோபத்தால் வருவதில்லை, பயத்தால் வருகிறது. குழந்தைகளையே பார்க்காமல் வளர்ந்த நாய்க்குக் குழந்தை என்பது சின்ன மனிதர் அல்ல. கணிக்க முடியாதபடி அசைந்து கீச்சென்று கத்தும் ஏதோ ஒரு பிராணி.

ஆகவே கேட்க வேண்டியது குட்டியின் ஜாதியை அல்ல, முகவரியை. அது பிறந்து எட்டு வாரம் வரை எங்கே இருந்தது? வீட்டுக் கூடத்தில், பிள்ளைகள் காலுக்கிடையில் உருண்டதா? மொட்டைமாடிக் கூண்டில் வரிசையாகக் கிடந்ததா? நம் தெருவோரத்து நாட்டு நாய்க் குட்டி இந்தக் கணக்கில் பல நேரம் விலை உயர்ந்த குட்டியை முந்திவிடுகிறது. டீக்கடை பெஞ்சுக்கு அடியில் பிறந்த குட்டி இரண்டு மாதத்துக்குள் பார்க்காத மனிதர் இல்லை, கேட்காத ஹாரன் இல்லை. கல்லடி வாங்கிய தெருவாக இருந்தால் கதை வேறு. அந்தக் குட்டி குழந்தைகளைப் பற்றிக் கற்றதும் கல்லாகத்தான் இருக்கும்.

முகவரியோடு இன்னொரு கேள்வியும் உண்டு: தாயிடமிருந்து எப்போது பிரித்தீர்கள்? நம் ஊரில் முப்பது நாள் குட்டியை அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். 'சின்னதிலேயே வாங்கினால்தான் நம்மிடம் ஒட்டும்' என்று வாங்குபவரும் நினைக்கிறார். 2011இல் இத்தாலியில் லுடோவிக்கா பியரான்டோனி குழு, 30 முதல் 40 நாளுக்குள் பிரிக்கப்பட்ட 70 நாய்களையும் இரண்டு மாதம் தாயோடு இருந்த 70 நாய்களையும் ஒப்பிட்டது. சீக்கிரம் பிரிந்தவை வெளியே போனால் அதிகம் பயந்தன, சத்தத்துக்கு மிரண்டன, பொம்மையையும் சாப்பாட்டையும் யாரும் நெருங்கவிடாமல் காத்தன. கடைசியில் சொன்னது சின்னக் குறை அல்ல. சிறு குழந்தைகள் வீட்டு நாயிடம் கடிபடும் முக்கியமான சந்தர்ப்பமே அதுதான்.

அந்தக் கடைசி மூன்று நான்கு வாரங்களில் குட்டிக்குப் பள்ளிக்கூடம் நடக்கிறது. ஒரு குட்டி இன்னொன்றின் காதை அழுத்திக் கடிக்கும். மற்றது வீலென்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். தாயின் மடியில் பல் பட்டால் அவள் எழுந்து போய்விடுவாள். இப்படித்தான் தன் பல்லின் கூர்மை குட்டிக்குத் தெரிகிறது. அந்தப் பாடம் முடிவதற்குள் அழைத்து வந்தால், மிச்சப் பாடத்தை உங்கள் குழந்தையின் கையில்தான் படிக்கும். எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்று நம் நாட்டில் 2017இல் விதியே வந்துவிட்டது. அந்த விதியைக் கண்டுகொள்ளாமல் அட்டைப்பெட்டிகள் நகர்ந்துகொண்டேதான் இருக்கின்றன.

இங்கே ஒரு சிக்கல் வரும். ஜன்னல் பதினான்கு வாரத்தில் சாத்துகிறது. பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசிகளின் முழுச்சுற்று முடியவோ ஏறக்குறைய பதினாறு வாரம் ஆகும். ஊசி முடியும்வரை வெளியே காட்டாதீர்கள் என்று சொன்னால் குட்டிக்கு வெளியுலகமே கிடைக்காது. முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனதும் பழக்கத் தொடங்குங்கள் என்று அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர்கள் 2008 முதலே சொல்கிறார்கள். தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போகலாம். ஸ்கூட்டரில், மடியில், ஒரு கூடையில். சந்தைக்குப் போய்ச் சும்மா கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாலே போதும்.

இவ்வளவும் சொன்னபோது நண்பர் கேட்டார்: "சரிண்ணே, நல்ல இடத்துல எட்டுக் குட்டி இருக்கு. அதுல எதை எடுக்க?"

இதற்கு ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். காதைப் பிடித்துத் தூக்கினால் கத்தாத குட்டிதான் தைரியசாலி, மல்லாக்கப் போட்டால் திமிறாதது சாது, முதலில் ஓடி வருவது உனக்கென்றே பிறந்தது. மேலை நாடுகளிலும் 49ஆம் நாளில் இதுபோன்ற பரீட்சைகள் வைத்து மதிப்பெண் போடுகிறார்கள். 2014இல் வியன்னாவில் ஷ்டெஃபனி ரீமரும் உடன் ஆய்வாளர்களும் பார்டர் கோலி நாய்களைப் பிறந்த சில நாட்களிலும், ஆறு ஏழு வாரத்திலும், பிறகு ஒன்றரை இரண்டு வயதிலும் சோதித்தார்கள். குட்டியாக இருந்தபோது காட்டிய குணங்களில் வளர்ந்த பிறகும் தொடர்ந்தது ஒன்றே ஒன்று: புதிய இடத்தைச் சுற்றிப் பார்க்கும் ஆர்வம். மற்றதெல்லாம் காற்றோடு போய்விட்டது. மல்லாக்கப் போட்டபோது திமிறியதா, அன்று பால் குடித்து முடித்திருந்ததா என்பதற்கும் இரண்டு வருடம் கழித்து அது கடிக்குமா என்பதற்கும் சம்பந்தமில்லை.

குட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாததைத் தாயைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சாதுத்தனத்தில் பிறவிக்கும் பங்கு உண்டு என்பதை ரஷ்யாவின் நொவசிபிர்ஸ்க் நரிகள் காட்டின. திமித்ரி பெல்யாயெவும் லுத்மிலா த்ரூத்தும் 1959 முதல், தோலுக்காக வளர்க்கும் நரிகளில் மனிதரைக் கண்டு மிரளாதவற்றை மட்டும் தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து வந்தார்கள். சில தலைமுறைகளிலேயே வாலாட்டி முனகும் நரிக்குட்டிகள் பிறந்தன. எதிர்த்திசையில், சீறுபவற்றை மட்டும் சேர்த்து ஒரு முரட்டுப் பரம்பரையையும் வளர்த்தார்கள். முரட்டு நரியின் கருவை எடுத்துச் சாதுவான தாயின் வயிற்றில் வைத்துப் பார்த்தார்கள். பிறந்ததும் வளர்ந்ததும் சாதுவிடம், ஆனால் சீறியது. வளர்ப்பு மட்டுமே எல்லாமும் என்று நினைப்பவர்கள் இந்த நரியை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

தாய்நாய் குட்டிக்குப் பாதி மரபணுவைத் தருகிறது, முதல் எட்டு வாரப் பாடத்தையும் தருகிறது. இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க முடிகிறதென்றால் அது தாயிடம்தான். யாரோ புதியவர் வந்தால் எழுந்து வந்து முகர்ந்து பார்க்கிறதா, ஓடி ஒளிகிறதா, பல்லைக் காட்டுகிறதா? குட்டி ஈன்ற புதிதில் எந்தத் தாயும் கொஞ்சம் உஷாராகத்தான் இருக்கும். ஏழெட்டு வாரத்தில் அது தணிந்திருக்க வேண்டும்.

நண்பர் போய்க் கேட்டிருக்கிறார், தாயைக் காட்ட முடியுமா என்று. கொல்லைப்புறத்திலிருந்து சங்கிலிச் சத்தம் மட்டும் வந்திருக்கிறது. விற்பவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "அது ஆளைக் கண்டா கடிக்கும் சார். குட்டிங்க ரொம்ப சாது."

அவர் வெறுங்கையோடு திரும்பினார். பத்தாயிரம் ரூபாய் மிச்சமானது என்று சொன்னார். நான் வேறு கணக்குப் போட்டேன்.

குட்டியே வேண்டாமே என்று அப்போதுதான் சொன்னேன். குழந்தைக்கும் குட்டிக்கும் பொருத்தம் பிரமாதம் என்பது காலண்டர் படம். நாலு மாதக் குட்டிக்குப் பல் முளைக்கும் ஊறல். ஓடுவதையெல்லாம் துரத்தும், தொங்குவதையெல்லாம் கவ்வும். பாவாடை நுனி தொங்கும். ஒரு வயதுவரை அந்த வீட்டில் இரண்டு குழந்தைகள் இருக்கும், இரண்டுக்கும் சொல் பேச்சு ஏறாது. இரண்டு மூன்று வயதான நாயிடம் ஊகிக்க எதுவும் இல்லை. அதன் குணம் நிலைபெற்றுவிட்டது. குழந்தைகளோடு அது ஏற்கெனவே வாழ்ந்திருந்தால் அந்த வாழ்க்கையே பரீட்சை முடிவு. 'வளர்ந்த நாய் நம்மிடம் ஒட்டாது' என்பார்கள். ஜப்பானில் அசாபு பல்கலைக்கழகத்தின் மிஹோ நாகசாவா, தகேஃபுமி கிகுசுய் குழு 2015இல் காட்டியதுபோல, நாயும் அதன் ஆளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தால் இருவர் உடலிலும் ஆக்சிடோசின் கூடுகிறது. தாய்க்கும் சேய்க்கும் இடையே சுரக்கும் அதே வேதிப்பொருள். கையில் வளர்த்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை. இந்தப் பார்வைப் பழக்கம் குட்டிப்பருவத்தோடு முடிந்துவிடுவதில்லை.

இதுவரை நாயைப் பற்றிப் பேசினோம். பாதி விஷயம் குழந்தையிடம் இருக்கிறது.

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் கெர்ஸ்டின் மைன்ட்ஸ் சிறு குழந்தைகளுக்கு நாய்களின் காணொளிகளைப் போட்டுக்காட்டி, இந்த நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டார். உதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டிச் சீறும் நாயைப் பார்த்து, மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளில் பலர் சொன்ன பதில்: சிரிக்குது. பல் தெரிந்தால் சிரிப்பு என்பதுதானே அவர்களுக்கு நாம் கற்றுத்தந்த பாடம். சின்னப் பிள்ளைக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பிடித்த பொருளைக் கிட்டே போய் முகத்தோடு முகம் வைத்துப் பார்க்கும். இரண்டும் சேர்ந்தால் சின்னக் குழந்தைகளுக்குக் காலில் அல்லாமல் முகத்திலும் கழுத்திலும் ஏன் கடி விழுகிறது என்பது புரியும்.

நாய் சும்மா கடிப்பதில்லை. அதற்குமுன் நிறையச் சொல்கிறது. தூக்கம் வராமலே கொட்டாவி விடும். சாப்பாடு எதிரில் இல்லாமலே நாக்கால் மூக்கை நக்கும். முகத்தை அப்பால் திருப்பும். கண்ணின் வெள்ளை பிறையாகத் தெரியும். எழுந்து நகர்ந்து போகும். உடம்பு விறைக்கும். அப்புறம்தான் உறுமல், அப்புறம் காற்றைக் கடிப்பது, கடைசியில் பல். 'திடீர்னு கடிச்சிருச்சு' என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் நாய் பத்து நிமிடமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கும். குழந்தை நாயைக் கட்டிப்பிடித்தபடி இருக்கும் போட்டோக்களை அடுத்தமுறை பார்க்கும்போது நாயின் முகத்தை மட்டும் பாருங்கள். எத்தனை நாய்கள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கின்றன!

உறுமினால் ஒரு அடி போடுவது நம் வழக்கம். பாப்பாவைப் பார்த்து உறுமுவதா? அதைவிடத் தவறு கிடையாது. அடிபட்ட நாய் குழந்தையைப் பொறுத்துக்கொள்ளக் கற்பதில்லை. உறுமாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது. அடுத்தமுறை எச்சரிக்கை இல்லாமல் பல் மட்டும் வரும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மேகன் ஹெரன் 2009இல் தொகுத்த கணக்கில், நாயை அடித்தோ உதைத்தோ திருத்தப் பார்த்தவர்களில் 43 சதவீதத்தினர் நாய் பதிலுக்குச் சீறியது அல்லது பாய்ந்தது என்று சொன்னார்கள். உறுமும் நாய் உங்களுக்கு உபகாரம் செய்கிறது. குழந்தையை அங்கிருந்து எடுங்கள், நாயை விடுங்கள்.

அதே பல்கலைக்கழகத்தில் இலானா ரைஸ்னர், குழந்தைகளைக் கடித்த நாய்களின் மருத்துவக் குறிப்புகளை 2007இல் ஆராய்ந்தார். ஆறு வயதுக்குட்பட்டவர்களைக் கடித்தவை பெரும்பாலும் பழகிய நாய்கள். சாப்பாட்டுத் தட்டோ, எலும்போ, பொம்மையோ நடுவில் இருந்திருக்கிறது. பயந்த சுபாவமும், உடம்பில் எங்கோ வலியும் பல நாய்களிடம் தெரிந்தன. அதற்குமுன் குழந்தையையே கடித்திராத நாய்கள் அவற்றில் நிறைய. காது சீழ்பிடித்த சாதுவான கிழட்டு நாயின் அந்தக் காதையே குழந்தை பிடித்து இழுத்தால், சாதுத்தனத்துக்கும் ஒரு எல்லை உண்டு.

தடுப்பூசியைப் பற்றி நீட்டி எழுத இது இடமில்லை. ஆனால் விட்டுவிடவும் முடியாது. உலகில் வெறிநாய்க்கடி நோயால் இறப்பவர்களில் பத்துக்கு நால்வர் 15 வயதுக்குட்பட்டவர்கள். குட்டிக்கு வெறிநாய் ஊசி போடுவதே ஏறக்குறைய மூன்று மாதத்தில். அதற்குள் அது உங்கள் குழந்தையின் கையில் எத்தனையோ முறை பல்லைப் பதித்திருக்கும். கீறலானாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். அதைவிட முக்கியம், கடிபட்டதை மறைக்காமல் வந்து சொல்லும் தைரியம் குழந்தைக்கு இருக்க வேண்டும். திட்டு விழும் என்று மறைத்த பிள்ளைகளை நம் ஆஸ்பத்திரிகள் கண்டிருக்கின்றன.

நண்பர் வீட்டுக்குக் கடைசியில் வந்தது, வேலை மாற்றலாகி வெளியூர் போன குடும்பம் ஒன்று விட்டுப்போன பெண் நாய். மூன்று வயது. பாதி லாப்ரடார் என்று சொன்னார்கள், மீதி என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த வீட்டு இரட்டைப் பிள்ளைகள் அதன்மேல் சாய்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்களாம். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கிவிட்டு, ஐந்தாம் வாரம் அழைத்து வந்தார்கள். மாடிப்படிக்கு அடியில் அதற்கு ஒரு பழைய போர்வை. அதைச் சுற்றிச் சாக்பீசால் ஒரு அரைவட்டம். நாய் கோட்டுக்குள் இருக்கும்போது, தூங்கினாலும் தின்றாலும் சும்மா படுத்திருந்தாலும், யாரும் உள்ளே போவதில்லை. வேண்டுமானால் கோட்டுக்கு வெளியே நின்று கூப்பிடலாம், வருவதும் வராததும் அதன் இஷ்டம்.

போன தீபாவளிக்கு நான் போயிருந்தேன். வெடிச் சத்தத்தில் நாய் போர்வைக்குள் சுருண்டு கிடந்தது. ஊரிலிருந்து வந்திருந்த தாத்தா பாவப்பட்டு, தடவிக்கொடுக்கக் குனிந்தார். கையில் பாதி முறுக்கோடு ஓடி வந்த பாப்பா அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"தாத்தா, கோடு."